அறத்தை அடுத்தவர் சொல்லி ஏற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒழுக்கவியல் பேசும் வாசிப்புக் கூட்டங்களில் தலைப்பு எதுவாக இருந்தாலும், கடைசியில் யாராவது ஒருவர் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்: எது சரி, எது தவறு என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பினால் போதுமா, அல்லது அவரவரே ஆராய்ந்து முடிவுக்கு வர வேண்டுமா? கேட்பவர்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். இதை நடுநிலையோடு எழுதவில்லை. எனக்கு ஒரு சாய்வு உண்டு. படிக்கப் படிக்க அது தெரிந்துவிடும்.

உலகத்தில் எல்லாவற்றையும் பிறர் சொல்லித்தானே தெரிந்துகொள்கிறோம்? அறத்துக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்கிறோம். நம்மில் யாரும் அளந்து பார்க்கவில்லை. நம் பிறந்த நாளைக்கூட வீட்டார் சொல்லித்தான் அறிந்தோம். இதற்காக யாரும் நம்மைச் சோம்பேறி என்று ஏசுவதில்லை.

இப்போது ஒருவர், 'விலங்குகளை ஆய்வுக்கூடச் சோதனைக்குப் பயன்படுத்துவது தவறு' என்கிறார். ஏன் என்று கேட்கிறோம். 'அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் நண்பர் விவரமானவர், அவர் தவறு என்றார்' என்கிறார். கேட்பவருக்கு ஏதோ நெருடுகிறது. சூரியனின் தொலைவைப் பற்றி இதே பதில் வந்திருந்தால் நெருடியிருக்காது. இந்த நெருடலுக்கு நியாயம் உண்டா, அல்லது அது வெறும் பழக்கமா என்பதுதான் விவாதம். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மெய்யியலாளர் அலிசன் ஹில்ஸ் 2009இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றைக்கும் இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவர் வைக்கும் வாதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

ஆலோசனை கேட்பதையே தவறு என்கிறீர்களா?

இல்லை. ஒருவரிடம் கேட்கும்போது மூன்று வேறு வேறு உதவிகள் கிடைக்கலாம். 'அந்தக் கிடங்கில் வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம் தரப்படுவதில்லை' என்று ஒருவர் சொன்னால் அது தகவல். 'லாபத்தை மட்டும் பார்த்தாய், அவர்களுடைய நுரையீரலைக் கணக்கில் எடுத்தாயா?' என்று கேட்டால் அவர் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அதைப் பார்ப்பது நம் கண்தான். 'அது தவறு, என்னை நம்பு' என்று மட்டும் சொன்னால் அது வெறும் வாக்கு.

முதல் இரண்டைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. மூன்றாவதுதான் இந்தப் பக்கத்தின் பொருள். விவாதங்களில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

அப்படியானால் சிறு வயதில் கற்ற நல்லது கெட்டது எல்லாம் செல்லாததாகிவிடுமா?

ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது வேறு, இப்போது எதன்மேல் நிற்கிறது என்பது வேறு. 'அடிக்காதே' என்று யாரோ சொல்லித்தான் தொடங்கினோம். பிறகு அடிபட்டவரின் முகத்தைப் பார்த்தோம். இப்போது அந்த நம்பிக்கைக்கு முதலில் சொன்னவரின் ஆதரவு தேவையில்லை.

குழந்தைகளும் நாம் நினைக்கும் அளவுக்குச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவர் வழிவந்த ஆய்வாளர்களும் சிறு குழந்தைகளிடம் இரண்டு வகைக் கேள்விகளைக் கேட்டார்கள். வகுப்பில் எழுந்து நடமாடுவது போன்ற விதிமீறலை ஆசிரியர் அனுமதித்தால் சரியா என்றால், பெரும்பாலான குழந்தைகள் சரி என்கிறார்கள். இன்னொரு குழந்தையை அடிக்க ஆசிரியர் அனுமதித்தால் சரியா என்றால், இல்லை, அப்போதும் தவறுதான் என்கிறார்கள். பள்ளியில் சேர்ந்த புதிதிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. பெரியவர்களில் சிலர் பிற்பாடு அதை மறந்துவிடுவதுதான் வியப்பு.

நம் மரபில் சான்றோர் வாக்கே ஒரு பிரமாணம். இது மேற்கத்தியரின் கவலை அல்லவா?

மரபு என்று ஒருமையில் சொல்வதில்தான் சிக்கல். இந்திய மெய்யியலில் இது நூற்றாண்டுக் கணக்கில் நடந்த சண்டை. பொருள்முதல்வாதிகளான சார்வாகர் காட்சியை மட்டுமே அளவையாக, அதாவது அறிவு தரும் பிரமாணமாக ஏற்றனர். பௌத்தரான திக்நாகர், பிறர் சொல் தனி அளவை அன்று, அது அனுமானத்துக்குள் அடங்கும் என்றார். தர்க்கத்தை வளர்த்த நியாய மரபினர் அதைத் தனி அளவையாகவே வைத்தனர். வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர் இன்னும் ஒரு படி மேலே போய், தர்மத்தைக் கண்ணாலோ அனுமானத்தாலோ அறியவே முடியாது, வேதத்தின் ஏவலால் மட்டுமே அறியலாம் என்றனர். ஆக, இன்று நாம் கேட்கும் கேள்வியின் எல்லா விடைகளுக்கும் அன்றே கட்சிகள் இருந்தன.

எனக்குப் பிடித்தது நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தரும் விளக்கம். நம்பத் தகுந்தவர் என்பவர் யார்? பொருளை நேரே அறிந்தவர்; அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் அயலாரான மிலேச்சருக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். அதாவது பிறப்போ பட்டமோ தகுதி அல்ல; அறிவும் நேர்மையும்தான் தகுதி. 'பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்பவர்கள் துணைக்கு இவரை அழைக்க முடியாது.

'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று வள்ளுவர் சொல்லிவிட்டாரே, பிறகு என்ன விவாதம்?

அந்தக் குறளை ஓதிவிட்டு, 'எனவே யாரையும் கேட்காதே' என்று முடிப்பவர்கள் உண்டு. குறள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதை அது தடுக்கவில்லை. கேட்ட பிறகு செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறது. அது இடம்பெறும் அறிவுடைமை அதிகாரத்துக்கு முந்தைய அதிகாரமே கேள்விதான். பத்துக் குறள்களும் செவியின் பெருமையைப் பேசுகின்றன.

புத்தர் காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்ன உரைக்கும் இதே கதிதான். மரபு என்பதற்காக ஏற்காதீர், வதந்தியை ஏற்காதீர், 'இவர் எம் குரு' என்பதற்காக ஏற்காதீர் என்ற பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பட்டியலில் வெறும் தர்க்கத்தை மட்டும் நம்பி ஏற்காதீர் என்றும் இருக்கிறது. ஒன்றைக் கைவிடுவதற்கான அடையாளங்களில் 'அறிவோரால் பழிக்கப்படுவது' என்பதும் ஒன்று. இந்த இரண்டும் வசதியாக விட்டுப்போகின்றன.

நோய் வந்தால் மருத்துவரை நம்புகிறோம். அறத்துக்கும் நிபுணரை நம்பினால் என்ன?

மருத்துவரின் திறமையைச் சோதிக்க நாம் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சல் இறங்கியதா என்று பார்த்தால் போதும். வானியலாளர் சொன்ன நேரத்தில் கிரகணம் வருகிறதா இல்லையா என்பது எவருக்கும் தெரியும். அறத்தில் இப்படி வெளியிலிருந்து சரிபார்க்கும் வழி இல்லை. ஒருவர் நல்ல தீர்ப்பு சொல்கிறார் என்று எப்படி அறிவது? அவர் தீர்ப்புகளை நம் தீர்ப்புகளோடு ஒப்பிட்டுத்தான். அப்படியானால் நாம் ஏற்கெனவே நினைப்பதையே சொல்பவரைத்தான் நிபுணர் என்று தேர்ந்தெடுப்போம்.

சரி, அறத்தையே தொழிலாகப் படித்தவர்கள்? எரிக் ஷ்விட்ஸ்கெபெல், ஜோஷுவா ரஸ்ட் என்ற இருவர் ஒழுக்கவியல் பேராசிரியர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தனர். வாக்களிப்பது, மாணவரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது போன்ற சாதாரண விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். 2014இல் வெளியான அவர்களின் முடிவு: மற்றப் பேராசிரியர்களைவிட இவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மேலாக நடந்துகொள்ளவில்லை. இதை வைத்து ஒழுக்கவியலே வீண் என்று சொல்ல மாட்டேன். வாதங்களை நன்கு அறிந்தவர் என்பதும் நல்ல தீர்ப்பு உடையவர் என்பதும் ஒன்றல்ல என்பது மட்டும் தெளிவாகிறது.

இருந்தாலும் குறுகிய களங்களில் தேர்ச்சி உண்மையாகவே உண்டு. மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த செவிலியருக்கு, எந்த உண்மையை எப்போது சொல்வது கருணை, எப்போது சொல்வது கொடுமை என்பதில் தெரிந்திருப்பது நமக்குத் தெரியாது. அவரிடம் பொதுவான தத்துவம் இல்லாமல் இருக்கலாம். கண்ட காட்சிகள் இருக்கின்றன. அந்தக் களத்தில் அவர் சொல்லுக்கு எடை கொடுப்பது அறிவுள்ள செயல். அதே செவிலியர் சொத்துப் பங்கீட்டில் எது நியாயம் என்று தீர்ப்பு சொன்னால், அது எல்லோர் கருத்தையும் போல ஒரு கருத்து.

சொன்னவர் சரியாகச் சொன்னார், நானும் நம்பினேன், நல்லதே நடந்தது. காரணம் தெரியாவிட்டால் எனக்கு என்ன நட்டம்?

ஹில்ஸின் வாதம் இங்கேதான் வருகிறது. ஒரு செயல் தவறு என்று அறிவது ஒன்று. அது ஏன் தவறு என்று புரிந்துகொள்வது இன்னொன்று. முதலாவதை வாய்ச்சொல்லால் கைமாற்றலாம். இரண்டாவதை அப்படிக் கைமாற்ற முடியாது. காரணத்தையே நான் உங்களிடம் சொன்னாலும், அதை நீங்கள் பிடித்துக்கொண்டாக வேண்டும்.

நட்டம் அடுத்த சந்தர்ப்பத்தில் தெரியும். கிடங்கு உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'முகக்கவசம் தராதது தவறு' என்று வாக்காக மட்டும் வாங்கிக்கொண்டவர் முகக்கவசம் வாங்கித் தருவார். அதே கிடங்கில் வெளியேறும் கதவு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கடந்து போவார். அதைப் பற்றித்தான் யாரும் அவரிடம் சொல்லவில்லையே. காரணம் புரிந்தவருக்குக் கதவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நட்டம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. நம் செயலால் ஒருவருக்குத் தீங்கு நேர்கிறது. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று அவர் கேட்கிறார். 'இன்னார் சரி என்றார்' என்பது அவருக்குப் பதிலே அல்ல. அறத்தில் நாம் நம்புவது ஒவ்வொன்றும், என்றாவது ஒருவர் முகத்தைப் பார்த்து விளக்க வேண்டி வரக்கூடியது. சூரியனின் தொலைவுக்கு இந்தக் கடன் கிடையாது. முதல் கேள்வியில் சொன்ன நெருடல் நியாயமானதே என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்படியானால் காரணம் புரியாமல் பிறர் சொல்படி நடப்பவர் தாழ்ந்தவரா?

அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் தொடக்கத்தில், தமக்கு முந்தைய கவிஞரான ஹெசியோடின் வரிகளை எடுத்தாள்கிறார். தானே சிந்தித்து அறிபவர் முதல்வர். நன்றாகச் சொல்பவரின் பேச்சைக் கேட்பவரும் நல்லவரே. தானும் அறியாமல், சொன்னாலும் கேட்காமல் இருப்பவர்தான் பயனற்றவர். 'நானே யோசிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் 1784இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வேறு தொனியில் பேசும். எனக்காகப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம், எனக்காக மனசாட்சி வைத்துக்கொள்ள ஒரு சமய குரு, எனக்காகப் பத்தியம் தீர்மானிக்க ஒரு மருத்துவர் இருந்துவிட்டால் நான் ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேலி செய்கிறார். மருத்துவரையும் அதே பட்டியலில் சேர்த்தது மிகை என்பது என் கருத்து. மனசாட்சியைப் பற்றிச் சொன்னது மிகை அல்ல.

காரணம் புரியவில்லை, ஆனால் இன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டும். என்ன செய்வது?

நம்பத் தகுந்தவர் சொல்படி செய்யுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இறக்கும் நிலையில் இருக்கும் தந்தையிடம் உண்மையைச் சொல்வதா என்று தடுமாறும் மகன், மேலே சொன்ன செவிலியரின் சொல்லைக் கேட்டு நடப்பது பொறுப்பான செயல். உங்களுக்குப் புரியும்வரை அந்தத் தந்தை காத்திருக்க மாட்டார். உங்கள் புரிதல் முழுமையாக வேண்டும் என்பதற்காக அவருடைய கடைசி நாட்களைச் செலவழிப்பது ஒருவகைத் தன்னலம்.

செயலுக்குச் சொல் போதும். ஆனால் விஷயத்தை அதோடு மூடிவிடக் கூடாது. 'ஏன் அப்படிச் சொன்னீர்கள்?' என்று பிறகு போய்க் கேளுங்கள். பெரும்பாலோர் கேட்பதில்லை, காரியம் முடிந்ததும் கேள்வியும் முடிந்துவிடுகிறது.

பத்துப் பேர் ஒன்றைச் சொன்னால் அது சரியாகத்தானே இருக்கும்?

இதற்குக் கணிதமே இருக்கிறது. கொண்டோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் 1785இல் நிறுவியது: ஆம், இல்லை என்ற இரு விடைகளே உள்ள கேள்வியில், ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதியைவிடச் சற்றே அதிகமாக இருந்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுத்தால், கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு முழு உறுதியை நெருங்கும். ஆனால் வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்தால் அதே கணக்கு தலைகீழாகும்: கூட்டம் பெருகப் பெருகத் தவறு உறுதியாகும். ஒரு சமூகமே ஒரு தவறால் ஆதாயம் அடையும்போது நிகழ்வது இதுதான். கொண்டோர்சேயே 1781இல், புனைபெயரில், அடிமை முறையைக் கண்டித்து எழுதினார். அன்று பெரும்பான்மையும் சட்டமும் அடிமை முறையின் பக்கம் இருந்தன. பெரும்பான்மை என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்று அறிந்த மனிதர்.

'தனித்தனியாக' என்ற நிபந்தனையும் அடிக்கடி உடைகிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடுவதுதான் வேலை. விடை பளிச்சென்று தெரியும். கூட இருந்தவர்கள் முன்னேற்பாட்டின்படி ஒருமித்துத் தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்தச் சாய்வு பெருமளவு குறைந்தது. பத்துப் பேர் சொல்கிறார்கள் என்றால், பத்துப் பேர் பார்த்தார்களா, ஒருவர் பார்த்ததை ஒன்பது பேர் திருப்பிச் சொல்கிறார்களா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மேலதிகாரி செய்யச் சொன்னார், செய்தேன். பொறுப்பு அவருடையதுதானே?

இல்லை. நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணைகளைத் தொடர்ந்து 1950இல் ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த கோட்பாடு தெளிவாகச் சொல்கிறது: ஆணைப்படி நடந்தேன் என்பது ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, வேறு வழியைத் தேர்ந்தெடுக்க உண்மையிலேயே அவருக்கு இடம் இருந்திருந்தால்.

சொல்வது எளிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனைகளில், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியவர்கள், சாம்பல் நிற மேலங்கி அணிந்தவர் 'தொடருங்கள்' என்று சொன்னதற்காக, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறிக்கப்பட்ட கடைசிப் பொத்தான்வரை போனார்கள். அடுத்த அறையில் இருந்தவர் நடிக்கிறார், மின்னதிர்ச்சி பொய் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதிகம் பேசப்படாத இன்னொரு சுற்றும் உண்டு: பக்கத்தில் இருந்த இரண்டு பேர் 'இதைச் செய்ய மாட்டோம்' என்று எழுந்துவிட்டபோது, 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள். பிறர் சொல் நம்மைக் கெடுக்கவும் செய்கிறது, மீட்கவும் செய்கிறது. ஆகவே சொல்லையே வெறுப்பது தீர்வாகாது; எந்தச் சொல் என்பதுதான் கேள்வி.

சரி, எந்தச் சொல்? யார் பேச்சுக்கு அதிக எடை கொடுப்பது?

என் சாய்வு இதுதான்: அந்தச் செயலின் வலியைத் தாங்குபவர் சொல்லுக்கு. அறத்தில் யாரை நம்புவது என்று கேட்டதும் நம் மனம் ஞானிகளையும் படித்தவர்களையும் தேடி ஓடுகிறது. 'நீ செய்வது எனக்கு வலிக்கிறது' என்று பக்கத்திலேயே ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் நம் பட்டியலிலேயே வருவதில்லை. வாத்ஸ்யாயனரின் இலக்கணப்படி பார்த்தாலும் பொருளை நேரே அறிந்தவர் அவர்தான். கேலிப் பேச்சு புண்படுத்துகிறதா என்பதில் கேலி செய்தவரும் பார்த்துச் சிரித்தவர்களும் கூடி ஓட்டெடுப்பு நடத்துவது அபத்தம்.

இங்கே வெறும் வாக்கைக்கூட ஏற்கலாம் என்பேன். அது ஏன் வலிக்கிறது என்பது எனக்கு விளங்காமல் போகலாம். நான் அந்த இடத்தில் நின்றதே இல்லை. விளங்கும்வரை நிறுத்தி வைப்பதில் எனக்கு இழப்பு சிறிது, தொடர்வதில் அவருக்கு இழப்பு பெரிது.

பாதிக்கப்பட்டவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்குமா? அவருக்கும் தவறு நேராதா?

நேரும். என்ன நடந்தது, எப்படி வலித்தது என்பதில் அவர் சாட்சி. அதற்கு என்ன தண்டனை, யார் மேல் எவ்வளவு பழி என்பதில் அவர் ஒரு தரப்பு. நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றன, நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பல காலம் ஒடுக்கப்பட்டவர், 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்றே சொல்லலாம். பயம் சொல்ல வைக்கலாம், பழகிப் போயிருக்கலாம். வலிக்கிறது என்ற சொல்லை எளிதாக நம்பலாம். வலிக்கவில்லை என்ற சொல்லை, அதைச் சொல்பவருக்கு வேறு விதமாகச் சொல்லும் சுதந்திரம் இருந்ததா என்று பார்த்த பிறகு நம்பலாம்.

நான் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றாமவர் சொன்னது மனதுக்குச் சரியாகப் பட்டது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

முதல் இருவர் என்ன சொன்னார்கள்? பெரும்பாலும், உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லியிருப்பார்கள். நாம் அறிவுரை தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அனுமதி தேடுகிறோம். அனுமதிக்கு என்றும் பஞ்சமில்லை. நான்காமவரோ ஐந்தாமவரோ நிச்சயம் தருவார்.

எனவே எல்லாச் சொல்லையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் வசதிக்கு எதிராக வரும் சொல்லை, ஓரளவு நம்பத் தகுந்தவர் சொன்னாலே எடுத்துக்கொள்ளலாம். என் வசதிக்கு இசைவாக வரும் சொல்லுக்கு இரட்டை விசாரணை வேண்டும். 'செய்யாதே' என்ற சொல் எப்போதும் பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. 'உனக்கு எதற்கு வம்பு, பேசாமல் இரு' என்பதும் 'செய்யாதே' என்ற சொல்தான். பல சமயம் நமக்கு மிக வசதியானதும் அதுதான்.

இரண்டு நல்லவர்கள் நேர் எதிராகச் சொல்கிறார்கள். யாரைக் கேட்பது?

அவர்கள் எதில் வேறுபடுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தகவலில் வேறுபட்டிருப்பார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. அதைச் சரிசெய்தாலே பாதிச் சண்டை தீரும். மீதிக்கு முந்தைய இரண்டு விதிகளும் உதவும்: வலியைத் தாங்குபவருக்கு யார் நெருக்கம், யார் சொல்வது எனக்கு வசதி. அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் அது உண்மையிலேயே கடினமான கேள்வி. அங்கே யார் சொல்லையும் ஒதுங்க நிழலாக்கிக்கொள்ள முடியாது.

நான் மதநூலை நம்புகிறேன். எனக்கு இந்தக் கவலை எதற்கு?

நூலை நம்புபவரும் யாரோ ஒருவர் சொன்ன பொருளையே நம்புகிறார். ஒரே நூலிலிருந்து அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் வாசகம் காட்டினார்கள். எந்த உரையாசிரியரை ஏற்பது என்ற தேர்வில் உங்கள் சொந்தத் தீர்ப்பு ஏற்கெனவே புகுந்துவிட்டது. புகுந்ததைத் தெரிந்துகொண்டு பொறுப்பேற்பது நல்லது என்பதற்கு மேல் இதில் நான் சொல்ல விரும்பவில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சார்பில்லாத பதில் கிடைக்குமே?

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பதிலும் மாறலாம். மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றிலிருந்து கற்ற நிரலுக்கு மனிதர்களின் சார்புகள் இல்லாமல் இருக்க வழியில்லை. அதைவிட முக்கியம், பொறுப்பு: அது சொன்னபடி நடந்து ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அவர் முன்னால் போய் நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான்.

ஆனால் இரண்டாம் கேள்வியில் பிரித்த மூன்று உதவிகளில் நடுவில் உள்ளதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 'நான் எதைக் கவனிக்கத் தவறினேன்? இதனால் யார் பாதிக்கப்படுவார்?' என்று கேளுங்கள். 'இது சரியா?' என்று கேட்டுப் பெறும் அனுமதியைவிட இந்தப் பட்டியல் உபயோகமானது.

எப்போதோ ஆழமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். காரணங்கள் இப்போது மறந்துவிட்டன. முடிவு மட்டும் நினைவிருக்கிறது. அதை நம்பலாமா?

கேட்கப்பட்டவற்றில் மிக நுட்பமான கேள்வி இது. இந்த நிலையில் நீங்கள் நம்புவதும் ஒருவர் வாக்கைத்தான். அந்த ஒருவர் பழைய நீங்கள். அவரைப் பிறரைவிட அதிகம் நம்ப என்ன காரணம்? நீங்கள்தான் என்ற பாசத்தைத் தவிர, பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அவருக்கும் வசதிகள் இருந்தன, அவருக்குத் தெரியாத தகவல்களும் இருந்தன.

அன்றாடத்துக்கு அந்த முடிவே போதும். ஒவ்வொரு காலையும் நேர்மையின் அடிப்படையை மறுபடி நிறுவிக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. ஆனால் அந்த முடிவால் அடிபட்டவர் யாராவது எதிரே வந்து கேட்டால், 'இதைப் பற்றி நான் எப்போதோ யோசித்துவிட்டேன்' என்று சொல்லித் தப்பாதீர்கள். அப்போது மீண்டும் யோசிக்க வேண்டியதுதான்.

என்னிடம் யாராவது வந்து 'இது சரியா?' என்று கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது?

அவசரம் இல்லை என்றால் தீர்ப்பைக் கடைசியில் சொல்லுங்கள். நீங்கள் பார்ப்பதை முதலில் சொல்லுங்கள். தீர்ப்பை முதலில் கேட்டுவிட்டவர் காரணத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இளையவர் 'ஏன்?' என்று கேட்டால் அதை எதிர்ப்பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; நீங்கள் சொன்னதை அவர் வாக்காக வைத்துக்கொள்ளாமல் புரிந்துகொள்ள முயல்கிறார் என்று பொருள்.

காரணம் உங்களுக்கே பிடிபடாத நேரங்களும் உண்டு. அப்போது ஒரு காரணத்தைப் புனையாதீர்கள். 'ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் உன் இடத்தில் இருந்தால் நான் இன்றைக்கு இதில் கையெழுத்துப் போட மாட்டேன்' என்பது முழுமையான பதில்தான். பிற்பாடு காரணம் பிடிபட்டால், அவரைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள்.